எட்டின் நடுக்கோடு

எங்கள் ஊர்க் கோயில் வாசலிலிருந்து பீடப்படி வரை நாற்பத்தோரு அடி. பின்னொரு நாள் நானே நடந்து எண்ணினேன். அந்த நாற்பத்தோரு அடியையும் ரேமண்ட் அண்ணாச்சியின் மகள் பிரின்சி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பட்டுப் புடவையில், தலையில் பூமுடியோடு, அடக்கப் பாட்டுக்கு நடந்தாள். கல்லறைக்குக் கொண்டுபோகும்போது பாடுவோமே, அந்தப் பாட்டு.

அன்று அவளுக்குக் கல்யாணம்.

பாட்டு தப்பியதற்குக் காரணம் நான். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பாட்டு எண்ணைச் சிவப்பு விளக்கில் காட்டும் போர்டு ஒன்று இருக்கிறது. அதைச் செய்து மாட்டியது நான். அன்று அது 318 காட்டியிருக்க வேண்டும். 318 கல்யாணப் பெண் உள்ளே வரும்போது பாடுவது. நான் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் 318 போலத்தான் இருந்தது. ஆண்கள் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் போர்டில் விழும் கோணத்தில், அது 310.

எட்டு என்பது விளக்கில் ஏழு கோடு. நடுவில் உள்ள படுக்கைக் கோடு ஒன்று மங்கினால் அது சைபர்.

எங்கள் பாட்டுப் புத்தகத்தில் 310 அடக்கத்துக்கு உரியது. அடக்கப் பாட்டுகள் முடிகிற பக்கத்திலேயே கல்யாணப் பாட்டுகள் தொடங்கிவிடும். புத்தகம் போட்டவர் அனுபவப்பட்டவர் என்று என் கணவர் சொல்வார்.

கீபோர்டு வாசிக்கும் வாத்தியார் உட்காருவது ஆண்கள் பக்கம். மைக்கும் அங்கேதான். அவர் 310-ஐ எடுத்தார். முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படி முடியாது. கோயிலில் ஒரு பாட்டை எடுத்தால் கடைசி அடிவரை பாடியே தீர வேண்டும். பாதியில் விட்ட பாட்டு, பாதியில் அறுத்துவிட்ட வலை மாதிரி. அந்த வாரம் கடலுக்குப் போகிறவனுக்கு ஆகாது என்று ஒரு பயம். அதனால் ஆண்கள் மூன்று சரணத்தையும் பாடினார்கள். பெண்கள் பக்கம் நாங்கள் 318-ஐ ஆரம்பித்து, மைக் இல்லாமல் தோற்று, இரண்டாம் சரணத்தில் ஆண்களோடு சேர்ந்துகொண்டோம்.

ரேமண்ட் அண்ணாச்சி கோயில் கமிட்டித் தலைவர். ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. பாட்டு ஆரம்பித்தால் அவர் வாய் தானாகத் திறந்துவிடும். மகளைக் கையில் பிடித்து நடத்தி வந்தபடியே, உலகத்தை விட்டுப் போகிறவருக்கு விடைகொடுக்கும் பாட்டை, கண் கலங்க, அவரே உரக்கப் பாடிக்கொண்டு வந்தார். பாட்டு மெதுவான பாட்டு. அதனால் பெண்ணும் மெதுவாகவே நடந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில் பக்கம். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல பொண்ண இப்பிடித்தான் அனுப்பி வைப்பாங்களா?"

"பழைய வழக்கம்" என்றேன்.

அன்றைய என் டைரியில், "மதியம், ஒரு பொய்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மூன்றாக்கப்பட்ட எட்டு

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஐஸ் பிளாண்டுக்கு அடுத்த ஷெட்டில் எனக்கு ஒரு பட்டறை. லாரி எடைமேடைக்கும், டாக்டர் வீட்டு டோக்கனுக்கும், கோயிலுக்கும் எண் போர்டு செய்கிறோம். "செய்கிறோம்" என்பது நானும் செல்வியும். செல்வி என்னிடம் வருவதற்கு முன் பத்து வருடம் இறால் கம்பெனியில் தரம் பிரித்தவள். சால்டரிங் அவள் கை. சர்க்யூட் என் பொறுப்பு. வீடு, இங்கிருந்து புன்னைக்காயலுக்குப் போகிற வழியில் உள்ள கடற்கரை ஊரில்.

என் போர்டு வருவதற்கு முன் கோயிலில் மரப்பலகைதான் இருந்தது. சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் அதன் ஆணியில் எண் தகடுகளை மாட்டுவார். ஒரு சமயம் 3 என்ற தகடு தொலைந்துபோனது. உபதேசியார் ஓர் எட்டை எடுத்து, அதன் இடது பக்கத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்து மூன்றாக்கினார். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் பெயின்ட் உதிர்ந்து அது மறுபடியும் எட்டானது. யாரும் அதை மாற்றவில்லை. முதல் ஆணியில் எட்டு தொங்கினால் அது மூன்று என்று ஊரே தெரிந்துவைத்திருந்தது. புத்தகத்தில் எண்ணூறாவது பாட்டே கிடையாது என்பது அவர்களுடைய வாதம்.

தப்பான எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஊர் இது. அதை அன்றைக்கே நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியின் தீர்ப்பு

பிரின்சி கல்யாணத்துக்கு மறுநாள் காலை பங்குச் சாமியார் அறையில் கூட்டம். சாமியார், ரேமண்ட் அண்ணாச்சி, உபதேசியார், நான்.

"நம்பரை நான் சரியாத்தான் அமுக்கினேன் சாமி" என்றார் உபதேசியார். "மூணு, ஒண்ணு, எட்டு. ரிமோட்டு சாட்சி."

"ஒம்மை யாரு சொன்னா" என்றார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"ஸ்டெல்லா, ஒன் மக கல்யாணம் என்னைக்கு?"

"இன்னும் ஏழு வாரம் இருக்கு அண்ணாச்சி."

"எங்கன?"

"இதே கோயில்லதான்."

"அப்ப போர்டு அங்கனயே இருக்கட்டும். அதே போர்டு, அதே முந்நூத்திப் பதினெட்டு. வேற பாட்டு மாத்தப்பிடாது. ஒன் மக நடந்து வாரத நான் முத பெஞ்சுல உக்காந்து கேக்கேன். சரியா வந்தா போர்டு நிக்கட்டும். தப்புனா அன்னைக்கு மத்தியானமே கழத்திட்டு மரப்பலகைய மாட்டிருவோம். என்ன சாமி?"

சாமியார் நியாயம்தான் என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது என் மகள் ரோஸி மருதாணி வடிவம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மா, ஒன் போர்டு ஓடுதான்னு பாக்கதுக்கு எனக்குக் கல்யாணமா?" என்றாள். இல்லை என்றேன். "பின்னே என்ன, அடக்கமா?" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கூனி முதல் கிங் வரை

தப்பு எங்கே என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கோட்டையும் ஒரு டிரான்சிஸ்டர் எரிய வைக்கிறது. மூன்று எண்ணுக்கு இருபத்தொரு டிரான்சிஸ்டர். அதன் ஒரு காலில் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் அதைப் பல மடங்காக்கி விளக்குக்குத் தரும். எத்தனை மடங்கு என்பதில்தான் தகராறு. உடம்பில் ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு டிரான்சிஸ்டரில் ஒன்று நூறு மடங்கு தரும், இன்னொன்று முந்நூறு மடங்கு தரும். நூறு மங்கும், முந்நூறு ஜொலிக்கும். 318-இல் கடைசி எண்ணின் நடுக்கோட்டுக்கு வாய்த்தது சோம்பேறி.

ஆகவே எல்லாவற்றையும் அளந்து தரம் பிரித்து, ஒத்தவற்றை மட்டும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கையிருப்பில் இருந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய. மீட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி எண்ணைப் படிப்பேன். செல்வி மாத்திரை டப்பாக்களில் போடுவாள். டப்பாவில் எண் எழுதி ஒட்ட நான் ஸ்டிக்கர் தயார் செய்வதற்குள் அவள் தன் பாஷையில் பெயர் வைத்துவிட்டாள்.

"இது கூனி. இது வெள்ளை இறால். இது புலி. முந்நூத்துக்கு மேல போனா கிங்கு."

கூனி என்பது கருவாட்டுக்குப் போகும் பொடி இறால்.

"நூத்துக்கும் கீழ ஒண்ணு வருதுக்கா" என்றாள் ஒரு நாள். "இதக் கூனின்னு சொன்னா கூனி கோவிச்சுக்கும்."

அந்த ஒன்றைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தோம்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது நாள் அளந்தேன். தரம் பிரிப்பது எங்கள் வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். என் கணவர் வீட்டுக் குசினியில் ஒரு பித்தளைச் சல்லடை உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தது. பத்துச் சல்லடை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் வரிசையில் அது ஒன்று. மற்ற ஒன்பதும் யார் யார் வீட்டிலோ. இதில் என் மாமியார் ரவை சலித்தார், இப்போது நான் சலிக்கிறேன். ஒரு தடவை கொற்கைக்கு ஒரு திறப்பு விழாவுக்குப் போனபோது அதைக் கையோடு கொண்டுபோய், "இந்த ஊர் முத்து விழுந்த சல்லடை" என்று அங்குள்ளவர்களிடம் காட்டினேன். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒரு வாழைத்தார் கொடுத்தார்கள். கொற்கையில் இப்போது கடலும் இல்லை, முத்தும் இல்லை.

தரம் பிரித்த இருபத்தொன்றையும் போட்டு, பட்டறையில் போர்டை எரியவிட்டோம். ஏசி ஓடுகிறது. மூன்று எட்டும் ஒரே சிவப்பில் நின்றன. கோயிலில் மாட்டினேன். காலை ஆறரைப் பூசையில் பிரமாதம். பிறகு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்து செல்வியோடு போய்ப் பார்த்தேன். ஓட்டுக்குக் கீழே, நாலரை மணி நேரம் எரிந்து சூடேறியிருந்த போர்டில் உபதேசியாரை 888-ஐப் போடச் சொன்னேன். 880 போல நின்றது.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சும்மா நிக்கும்போது எல்லாருக்கும் ஒரே பெலம்தாங்க்கா. தலையில கூடைய வச்சு மத்தியானம் நடக்க விட்டாத்தான யாரு நிப்பா, யாரு உக்காருவான்னு தெரியும்."

சரிதான். நான் அளந்தது குளிரில், சின்ன மின்னோட்டத்தில். வேலை செய்வது வெயிலில், பெரிய மின்னோட்டத்தில். முத்து சல்லடையில் விழுந்த அளவிலேயே சாகும்வரை இருக்கும். டிரான்சிஸ்டர் அப்படி இல்லை.

ஒன்பது நாள். அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கயிற்றைப் பார்

அடுத்த மூன்று வாரம் நான் எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை. கல்யாண வேலை ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்டு பெரிய பூசைக்கு வழக்கம்போல மங்கியது. ஆனால் ஆச்சரியம், பாட்டு ஒரு தடவையும் தப்பவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. "ஜனங்கள் பொறுமைசாலிகள்" என்று எழுதிவைத்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் டக் ஓட்டுகிறார். பெரிய கப்பலைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வருகிற குட்டிப் படகு. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில், புதிதாக வேலைக்கு வந்த ஒருவரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டக்கு கட்டி இழுக்கோம். நம்மது கெழடு, அவன்து புதுசு. ரெண்டுலயும் கைப்பிடிய ஒரே அளவுல வச்சா கப்பல் கோணிக்கிட்டுல்லா வரும்? அவன் என்னடான்னா எஞ்சின் மீட்டரையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்கான்."

"நீங்க எதைப் பாப்பிய?"

"எஞ்சின எவன் பாக்கான். கயித்தப் பாக்கணும். கயிறு வெறச்சா கொறைக்கணும், தொவண்டா கூட்டணும். கெழட்டு எஞ்சினோ புது எஞ்சினோ, கயித்துல ஒரே இழுப்பு இருந்தாச் சரி. மீன் வேணுமா?"

நான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். ஒரு துண்டு மீனை அவரே போட்டிருக்கிறார்.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடப் பாடம் இது. டிரான்சிஸ்டரின் காலடியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைக்க வேண்டும். விளக்குக்குப் போகும் மின்னோட்டம் முழுக்க அதன் வழியாகவே ஓடும். மின்னோட்டம் கூடினால் அந்த ரெசிஸ்டரில் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் டிரான்சிஸ்டரை எதிர்த்துத் தள்ளி அடக்கும். குறைந்தால் அழுத்தமும் குறைந்து, டிரான்சிஸ்டரை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். ரெசிஸ்டர்தான் கயிறு. எஞ்சின் கூனியா கிங்கா என்று போர்டு கவலைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் முதலிலேயே ஏன் வைக்கவில்லை? வைத்திருந்தேன். முதல் வரைபடத்தில் இருபத்தொரு ரெசிஸ்டரும் இருந்தன. அவை சும்மா சூடாகி மின்சாரத்தை வீணடிக்கின்றனவே என்று, பேனா பிடித்து ஒவ்வொன்றாக நானே அடித்திருந்தேன். ஓரத்தில் "தேவையற்றது" என்று அழகான கையெழுத்தில் குறிப்பு வேறு.

இருபத்தொன்றையும் திரும்ப வைத்தேன். சூட்டில் டிரான்சிஸ்டர் குணம் மாறுவதற்கும் ஓர் ஏற்பாடு செய்தேன். டிரான்சிஸ்டர்களை ஒட்டி ஒரு டையோடை உட்கார வைத்தேன். அதே வெயிலில் காய்ந்து, அவை எவ்வளவு மாறுகின்றனவோ அவ்வளவு அதுவும் மாறி, கணக்கைச் சரிசெய்துவிடும்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். தனியாக வைத்திருந்த அந்த நூறுக்கும் குறைந்ததை எடுத்து, கடைசி எண்ணின் நடுக்கோட்டுக்கே போடச் சொன்னேன்.

"ஏங்க்கா, ரோஸி கல்யாணத்துக்கு இதத்தான் போடணுமா?" என்றாள் செல்வி. "கிங்கு அம்புட்டும் டப்பாவுல தூங்குது."

"இது நின்னா எல்லாம் நிக்கும். போடு."

கோயிலில் மாட்டி ஒரு முழு நாள் எரியவிட்டோம். பிற்பகல் இரண்டு மணி. ஓடு கொதிக்கிறது. ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். 888. இருபத்தொரு கோடும் ஒரே சிவப்பு. எது கூனி என்று எனக்கே தெரியவில்லை. செல்வி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள்.

பெரியம்மையின் பாட்டு

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ரேமண்ட் அண்ணாச்சியின் பெரியம்மை காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர். கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணாச்சி வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் தூக்கி வளர்த்தவர். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மாலை நாலு மணிக்கு அடக்கப் பூசை. புது போர்டுக்கு அதுதான் முதல் பொதுவேலை. துக்கத்துக்கு நடுவில் இப்படி நினைப்பது தப்புதான், ஆனாலும் நினைத்தேன்: இன்று சரியாக வந்துவிட்டால் பத்து நாள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெட்டி வாசலுக்கு வந்தது. உபதேசியார் ரிமோட்டை அமுக்கினார். 310. பளிச்சென்று, ஐயத்துக்கு இடமில்லாத சைபர். நடுக்கோட்டில் பொட்டு வெளிச்சம் கிடையாது.

கீபோர்டு வாத்தியார் போர்டைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே குரலில், ஒரு பிசிறு இல்லாமல், 318-ஐ எடுத்தார்கள்.

மணமகளே வா என்று அழைக்கும் பாட்டு.

நிறுத்த வழியில்லை. எடுத்த பாட்டு. பெரியம்மை நாற்பத்தோரு அடியும் கல்யாணப் பாட்டுக்கு வந்தார். வேகமான பாட்டு என்பதால் பெட்டி தூக்கியவர்களும் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டார்கள்.

நான் பக்கத்தில் இருந்த பெண்ணின் முழங்கையைப் பிடித்தேன். "என்ன பாடுதிய? சைபர்லா போட்டுருக்கு."

"ஆமா மைனி. ஒங்க போர்டுல சைபர் வந்தா எட்டுன்னு வச்சிக்கிடணும். எல்லாருக்கும் தெரியுமே. மூணு வாரமா அப்பிடித்தான பாடுதோம்."

பொறுமைசாலிகள் என்று நான் எழுதிவைத்தது இவர்களைத்தான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ரேமண்ட் அண்ணாச்சி என்னை நோக்கி வந்தார். நான் ஓர் ஓரமாக நின்றேன். அவர் கண் சிவந்திருந்தது.

"போர்டு சரியாத்தான் காட்டிச்சு" என்றார். "நான் பாத்தேன்."

"அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க."

"பெரியம்மைக்கு அந்தப் பாட்ட இந்த ஜென்மத்துல யாரும் பாடல. இன்னைக்கு ஊரே சேந்து பாடிட்டாவ." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது சரி. ஒன் மகளுக்கு என்ன கெடைக்குன்னு பாப்போம்."

மூன்று சட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசை முடிவில் அறிவித்தார்: இனி போர்டில் தெரிவதைத் தெரிகிறபடியே பாடவும். அன்று ஊரில் பாதிப்பேர் பூசைக்கு வரவில்லை.

புதன்கிழமை செல்வி மீன் ஏலக்கூடத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள்.

"அக்கா, அங்கன வேற மாதிரி சொல்லுதாவ. போர்ட மாத்திட்டாவளாம். இப்பம் எல்லாம் தலைகீழாம். எட்டு வந்தா சைபர்னு படிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல?"

ஆக ஊரில் இப்போது மூன்று சட்டம். பூசைக்கு வந்தவர்களுக்கு எட்டு எட்டு, சைபர் சைபர். வராதவர்களுக்குச் சைபர் வந்தால் எட்டு. ஏலக்கூடத்துக்காரர்களுக்கு எட்டு வந்தால் சைபர். என் மகளுக்கு வரப்போவது எட்டு. கீபோர்டு வாத்தியார் தினமும் காலையில் மீன் வாங்குவது ஏலக்கூடத்தில்.

இருபத்தொரு டிரான்சிஸ்டரை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அறுநூறு பேருக்கு எங்கே போய் ரெசிஸ்டர் வைப்பது? வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எட்டுன்னா எட்டுதானா?" என்றார். ஆமாம் என்றேன். "இல்ல, நீங்களே வந்து சொல்லுதீங்கன்னா அதுல ஏதோ விஷயம் இருக்கு" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் நான் போகும்போது இருந்ததைவிட அதிகமாகியிருந்தது.

நாற்பத்தோரு அடி

கல்யாணத்தன்று காலை பத்து மணி. ரோஸி அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு. எனக்கு நேர் எதிரே ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் ரேமண்ட் அண்ணாச்சி, கைகளைக் கட்டிக்கொண்டு.

உபதேசியார் ரிமோட்டை அமுக்கினார். மூன்று. ஒன்று. எட்டு. எட்டின் நடுக்கோடு மற்ற கோடுகளைப் போலவே, ஒரு மாற்றுக் குறையாமல் எரிந்தது. அங்கே இருந்தது செல்வியின் கூனிக்கும் கீழான கூனி.

யாரும் பாடவில்லை.

வாத்தியார் கைகளைக் கீபோர்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் தலைகள் அசைந்தன. ஒரு முணுமுணுப்பு. எடுத்தால் நிறுத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் எடுக்கவில்லை. வாசலில் என் கணவர் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டு, எந்தப் பாட்டின் வேகத்துக்கு அடுத்த காலை வைப்பது என்று தெரியாமல் நின்றார். ரோஸி என்னைப் பார்த்தாள்.

மெல்ல மெல்லக் கோயில் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அறுநூறு பேரும் போர்டை விட்டுவிட்டு, போர்டைச் செய்தவளைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று விரல். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பின் வரிசைக்குத் தெரியட்டும் என்று திரும்பி நின்றும் காட்டினேன்.

ரேமண்ட் அண்ணாச்சி என் விரல்களை எண்ணினார். வாய் அசைந்ததைப் பார்த்தேன். எட்டு வரை வந்ததும் கட்டிய கைகளை அவிழ்த்து, வாத்தியாருக்குக் காத்திராமல், மைக்கும் இல்லாமல், 318-ஐ அவரே எடுத்தார். அந்தக் குரலுக்குப் பிறகு யாருக்கும் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

ரோஸி நாற்பத்தோரு அடியும் சரியான பாட்டுக்கு நடந்தாள்.

போர்டு இன்றும் அங்கேதான் இருக்கிறது. கல்யாண ஆல்பம் வந்தபோது ரேமண்ட் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து பார்த்தார். முதல் படம், வாசல் பக்கத்திலிருந்து எடுத்தது: மகள் நடக்கக் காத்து நிற்கிறாள். ஓரத்தில் நான், பட்டுப் புடவையில், இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் போர்டு. வீடியோக்காரர் பிடித்த விளக்கின் வெளிச்சம் போர்டின் கண்ணாடியில், மிகச் சரியாக நடுக்கோட்டின் மேல் விழுந்திருக்கிறது. படத்தில் தெரிவது 310.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார், ஆல்பத்தின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. "எட்டுன்னு வச்சிக்கிடுதேன்."